மின்னஞ்சலை வேறிடம் மாற்றும் முறை

நட்ட பயிர் வேரூன்றும் வரையில் நாற்றங்காலில் சிறிது நாற்றை விட்டுவைப்பது விவசாயிகளின் வழக்கம். விதை, உர வியாபாரம் செய்வோர் தங்கள் மின்னஞ்சலை வேறொரு நிறுவனத்திற்கு மாற்றும்பொழுதும் அவ்விதமே செய்தல் நலம். அவசரப்படுவோர் பருவகாலத்தில் வரும் ஆர்டர்களை இழந்து நஷ்டமடைய நேரிடும்.

1. உபயோகத்திலுள்ள விலாசங்கள் அனைத்திற்கும் ஜாபிதா எழுதி, அவற்றைப் புதிய இடத்தில் முதலில் உண்டாக்கவேண்டும்.

2. கடிதங்கள் சேரவேண்டிய இடத்தைக் காட்டுவது எம்.எக்ஸ். பதிவு. அதன் டி.டி.எல். 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் என்றிருப்பின், மாற்றத்திற்கு 2 நாள் முன்னரே 300 விநாடியாகக் குறைக்கவேண்டும். இல்லையேல் மாற்றிய பின்னும் ஒரு நாள் வரை கடிதங்கள் பழைய இடத்திற்கே செல்லக்கூடும்.

3. எம்.எக்ஸ். பதிவுடன் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். பதிவுகளையும் திருத்துதல் அவசியம். தவறினால் அனுப்பும் கடிதங்கள் குப்பையென ஒதுக்கப்படலாம்.

4. பழைய கடிதங்களை ஐ.எம்.ஏ.பி. வழியாகப் பிரதி செய்துகொள்ளவேண்டும். பி.ஓ.பி. முறையில் இறக்கியவை அந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடுமாதலால், அவற்றைத் தனியே பத்திரப்படுத்துக.

5. பழைய கணக்கை ஒரு வாரமாவது மூடாமல் தினந்தோறும் பார்த்துவரவேண்டும். இணையப் பெயரின் பதிவும் அந்நிறுவனத்திடமே இருக்குமாயின், அதை வேறிடம் மாற்றிய பின்னரே கணக்கை மூடுதல் தகும். பெயர் கைவிட்டுப் போனால் விலாசங்கள் யாவும் உடன் போய்விடும்.