கவுன்சிலிங்: விருப்பப் பட்டியலை வீட்டிலேயே தயாரிக்கலாம்

பிளஸ் 2 தேர்வு முடிந்து மே மாதம் ரிசல்ட் வரும் வரை, பல வீடுகளில் கம்ப்யூட்டர் முழு நேர கேம்ஸ் மெஷினாக மாறிவிடுகிறது. விளையாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்ஜினியரிங் சேர நினைப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கவுன்சிலிங் சமயத்தில் பிரவுசிங் சென்டரில் பதற வேண்டியதில்லை.

2017 வரை கம்பம், போடி மாணவர்கள் பொதுப்பிரிவு கவுன்சிலிங்கிற்காக இரவு பஸ் ஏறி, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் சென்றார்கள். 2018ல் இது ஆன்லைனுக்கு மாறியது. பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் அன்று காலியிடங்களைத் திரையில் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். இன்று என்ன மிச்சமிருக்கும் என்று தெரியாமலேயே விருப்பங்களை வரிசைப்படுத்தித் தர வேண்டியுள்ளது. பலர் கோட்டை விடுவது இந்த வரிசையில்தான்.

கம்ப்யூட்டர் எப்படி இடம் ஒதுக்குகிறது? ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். அவருக்குரிய பிரிவில் காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குச் சென்றுவிடும். எனவே எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. எளிதாகக் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடுவதுதான் ஆபத்து. எங்கள் தெரு மாணவர் ஒருவர் “எதற்கும் இருக்கட்டும்” என்று பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டார். அதுவே கிடைத்தது. கீழே இருந்த மதுரைக் கல்லூரியை கம்ப்யூட்டர் பார்க்கவே இல்லை.

முதலில் உங்கள் கட் ஆப் மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள். கணித மதிப்பெண்ணுடன், இயற்பியல், வேதியியல் மொத்தத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 86+80=166. மொத்தம் 200. ரிசல்ட் வரும் வரை உத்தேச மதிப்பெண் போதும்.

அடுத்து எக்ஸெல் திறந்து கல்லூரி கோட் எண், கல்லூரி பெயர், பாடப்பிரிவு, உங்கள் பிரிவின் கடந்த ஆண்டு கடைசி கட் ஆப், விடுதி வசதி என நெட்டு வரிசைகள் அமைத்திடுங்கள். எக்ஸெல் இல்லை எனில் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முந்தைய ஆண்டுகளின் கட் ஆப் விவரங்கள் கவுன்சிலிங் தளத்திலேயே கிடைக்கும். ஒரே கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவும் தனி விருப்பம் என்பதால் தனித்தனி வரியில் அமையுங்கள். நம் மாவட்டத்திலேயே 2012ல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரி உள்ளது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட் ஆப் வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் கிளிக் செய்திடவும். எச்சரிக்கைக் கட்டம் வந்தால் “எக்ஸ்பாண்ட் த செலக்ஷன்” என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லையேல் எண்கள் மட்டும் இடம் மாறி, ஒரு கல்லூரியின் கட் ஆப் வேறு கல்லூரிக்கு எதிரே போய் நிற்கும். பின்னர் வீட்டாருடன் பேசி, உங்கள் விருப்பப்படி வரிகளை மேலும் கீழும் நகர்த்துங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம். பத்தோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள்.

போன் எண் விஷயத்தில் கவனம் தேவை. நம் பகுதியில் அதிகாலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோர் அதிகம். வீட்டின் ஒரே போன் அவர்களுடன் மலையேறிவிட்டால், ஓ.டி.பி. வந்தும் பயனில்லை. ஒதுக்கீட்டைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பதால், பகலில் கையில் இருக்கும் எண்ணையே பதிவு செய்திடுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணும் இமெயிலும் வேண்டவே வேண்டாம்.

சான்றிதழ்களையும் இப்போதே கவனியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டிற்கு இல்லை. இச்சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து வர நாளாகும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்கள், 2021 முதல் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டிற்காகப் பள்ளியில் படிப்புச் சான்று வாங்கிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் ஒன்றாக உள்ளதா என்றும் பாருங்கள். ஸ்கேன் செய்த பைல்களை மாணவர் பெயரில் ஒரு போல்டரில் வைத்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்திடுங்கள்.

விருப்பம் பதியும் நாளில் பட்டியலை பிரிண்ட் எடுத்து அருகில் வைத்துக் கொண்டு, ஒருவர் கோட் எண்ணைப் படிக்க மற்றவர் திரையில் சரிபார்த்த பிறகே லாக் செய்திடவும்.