கையடக்க வீடியோ கேம் வாங்கப் போகிறீர்களா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

ஆடிக் கிருத்திகையின்போது திருத்தணி மலையடிவாரத்தில் வரிசையாக முளைக்கும் கடைகளில், வளையலுக்கும் பலூனுக்கும் நடுவே, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மேலே ஒரு சிறு திரை, கீழே சில பொத்தான்கள். விலை ஐந்நூறு ரூபாய்க்கு முன்னும் பின்னும் இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ பெரிய அங்காடிகளிலோ இதே வடிவில் இன்னொரு பெட்டி கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும். ஏசுஸ் நிறுவனத்தின் 'ராக் அல்லி' 2023-ஆம் ஆண்டு நம் நாட்டில் 69,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. இரண்டையும் மக்கள் 'வீடியோ கேம்' என்றே அழைக்கிறார்கள். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றா? எதைப் பார்த்து வாங்குவது?

இக்கேள்வி எனக்குப் பொழுதுபோக்காக எழுந்ததன்று. எங்கள் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெருவைக் காண்பது அரிது. என் தந்தையாரும் தறி ஓட்டுபவரே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே வீட்டிற்கு மிக்ஸி வாங்கினாலும் அதனுடன் வரும் விவரச் சீட்டை என்னிடம்தான் நீட்டுவார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, விடுமுறை நாட்களில் தார் சுற்றிச் சேர்த்த 1,500 ரூபாயை வைத்துக்கொண்டு வீடியோ கேம் வேண்டும் என்று நின்றபோது, அப்பா என்னைப் பார்த்து, "நீ காலேஜ் படிக்கிற புள்ள, எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா" என்று கூறிவிட்டார். தார் சுற்றிய காசு. விளையாட்டாகப் பதில் சொல்ல முடியுமா? அதன் பொருட்டுப் படித்தவற்றையும் பிரித்துப் பார்த்தவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. ஜப்பானில் நிண்டெண்டோ என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய குன்பேய் யோகோய் என்பவர், இரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, கையடக்க விளையாட்டுக் கருவி செய்யும் எண்ணம் கொண்டார் என்று சொல்வார்கள். அதன் விளைவாக 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. இன்று பல கருவிகளில் இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிலுவை வடிவப் பொத்தான், 1982-இல் அவ்வரிசையில் வந்த 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவர் அமைத்ததேயாகும். 1989-இல் அவருடைய குழுவினர் 'கேம் பாய்' கருவியை வெளியிட்டனர்.

கேம் பாயின் கதை, வாங்குபவர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. அதன் திரைக்கு வண்ணமும் இல்லை, பின்விளக்கும் இல்லை. மறு ஆண்டு, 1990-இல், சேகா நிறுவனம் வண்ணத் திரையும் பின்விளக்கும் கொண்ட 'கேம் கியர்' கருவியைக் கொணர்ந்தது. பார்ப்பதற்கு எது அழகு என்று கேட்கவே வேண்டாம். ஆனால் கேம் பாய் நான்கு பென்சில் பேட்டரிகளில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடியது. கேம் கியரோ ஆறு பேட்டரிகளை விழுங்கிவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டது. கேம் பாயும் அதன் பின்வந்த வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்திற்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. யோகோயின் கொள்கை எளியது: புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகித் தேர்ந்து விலை மலிந்த ஒன்றைப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவது. தறி வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

பின்விளக்கு இல்லாமல் திரை எவ்வாறு தெரிகிறது என்று சிலர் கேட்கலாம். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் பிரீட்ரிக் ரைனிட்சர் ஒரு விந்தையான பொருளைக் கண்டார். அது திரவம் போல் ஓடியது. ஆனால் ஒளியைப் படிகம் போல் நடத்தியது. அதுவே திரவப் படிகம். இரண்டு முனைவாக்கித் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் ஒளி ஊடுருவாது என்பதை நம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். இடையில் முறுக்கிய நிலையில் திரவப் படிகத்தை வைத்தால், அது ஒளியின் அதிர்வுத் தளத்தை 90 பாகை திருப்பி வெளியே விடுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் முறுக்கை விட்டு நிமிர்கின்றன. ஒளி தடைபட்டு அவ்விடம் கறுப்பாகிறது. இந்த வேலைக்குச் செலவாகும் மின்சாரம் மிக மிகச் சிறிது. உண்மையில் மின்சாரத்தைத் தின்பது பின்விளக்கும் உள்ளிருக்கும் கணிப்பொறியும்தாம்.

திருவிழாக் கடையில் விற்கும் 'பிரிக் கேம்' இவ்வகைத் திரை கொண்டதே. பத்துக்கு இருபது என்ற கட்டங்களில் விழும் செங்கற்களை அடுக்குவது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டின் வழி வந்தது. உறையின்மேல் '9999 விளையாட்டுகள்' என்று போட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் பத்திருபது விளையாட்டுகள் இருக்கும். அவற்றையே வேகத்தாலும் நிலையாலும் பெருக்கிப் பெருக்கி 9999 ஆக்கிவிடுகிறார்கள். கணிதத் துறை நண்பர்கள் கோபிக்க வேண்டாம்; இதுவும் ஒருவகைப் பெருக்கல் வாய்ப்பாடுதான். ஆயினும் நான் இதனைக் குறை கூறமாட்டேன். விலை குறைவு, வெயிலிலும் திரை தெரியும், பேட்டரி தீர்ந்தால் பெட்டிக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, '400 விளையாட்டுகள்' என்று விற்கும் வண்ணத் திரைப் பெட்டி. எங்கள் தெருவில் ஒருவர் வாங்கி, சில வாரங்களில் ஓடாமற்போன பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உள்ளே ஒரு சிறு பலகையும், அதன்மேல் கறுத்த பிசின் சொட்டு ஒன்றும் இருந்தன. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் 'பேமிகாம்' என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியின் மூளை முழுவதும் ஒரே சில்லாகச் சுருங்கி அச்சொட்டுக்குள் அடங்கியிருக்கிறது. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம்களும் பெரும்பாலும் இதன் நகல்களே. ஆகவே அதே மாரியோ, அதே காண்ட்ரா. நானூறில் பல, ஒரே விளையாட்டு வெவ்வேறு பெயரில் வருவன.

இத்தகைய பெட்டியைக் கடையிலேயே சோதிப்பது எளிது. பட்டியலின் கடைசிப் பக்கத்திற்குப் போய் நாலைந்து விளையாட்டுகளைத் திறந்து பாருங்கள். மாரியோவில் ஓடும் பொத்தானை அழுத்தியபடியே தாண்டும் பொத்தானையும் அழுத்துங்கள். இரண்டும் ஒருங்கே வேலை செய்யாத பெட்டியால் பயனில்லை. மின்னேற்றும் செருகியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கும் வசதி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொன்று: இதே சில்லைப் பெரிய திரையும் பளபளக்கும் உறையும் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பதுண்டு. விளையாட்டுப் பட்டியல் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒன்றே. தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: ஐந்நூறு ரூபாய்ப் பொருளை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கு; அதையே 1,500 கொடுத்து வாங்காதே. அவன் முகம் வாடியது உண்மைதான்.

இனி மின்கலம். என் கருத்தில், கருவியைவிட மின்கலத்தைத்தான் அதிகம் ஆராய வேண்டும். நான் பிரித்த பெட்டியில் இருந்தது, பழைய நோக்கியா கைப்பேசிகளில் கண்ட பி.எல்.-5சி வடிவ லித்தியம் அயனிக் கலம். மேலே 1,020 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. பிசின் சொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. பற்றவைத்து, ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரை இணைத்தபோது கருவி 190 மில்லி ஆம்பியர் இழுத்தது. 1,020-ஐ 190-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓட வேண்டும். ஓடியது மூன்று மணி நேரம். அதாவது உண்மைக் கொள்ளளவு 570 மட்டுமே. அச்சிட்டதில் ஏறத்தாழப் பாதி. பெட்டியைச் செய்தவர் யாரென்று உறையில் பெயரே இல்லை. பொருட்களை ஒப்பிடும்போது மில்லி ஆம்பியர்-மணியை மின்னழுத்தத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்து வரும் வாட்-மணியைப் பாருங்கள். அதனைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்பது வந்துவிடும்.

விலையுயர்ந்த கருவிகளுக்கும் இதே கணக்குத்தான். 2017-இல் வந்த நிண்டெண்டோ 'சுவிட்ச்' கருவியின் கலம் 4,310 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட், ஆக 16 வாட்-மணி. அது இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் வரை ஓடும் என்றார்கள். 2019-இல் அதே கலத்தோடு வந்த மாற்று வடிவம் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடியது! கலம் மாறவில்லை, சில்லிலுள்ள டிரான்சிஸ்டர்கள் இன்னும் சிறியனவாயின, மின்செலவு குறைந்தது. பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து, எந்த ஆண்டு வடிவம் என்று பாராமல் பழைய பொருள் வாங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும். 2022-இல் வந்த வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம் டெக்' 40 வாட்-மணிக் கலம் கொண்டது. ஆயினும் பெரிய விளையாட்டுகளில் கருவி முழுவதுமாக 20 வாட்டும் அதற்கு மேலும் இழுப்பதால், அது இரண்டு மணி நேரத்திற்குள் அடங்கிவிடுகிறது. இழுத்த வாட் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவரும். மின்விசிறிக் காற்று போகும் துளையைத் தலையணையால் மூடிவிட்டு ஆடுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2007 ஆகஸ்டில், மட்சுசிட்டா நிறுவனம் செய்து கொடுத்த 4 கோடியே 60 இலட்சம் பி.எல்.-5சி கலங்கள் மின்னேற்றும்போது சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்து, இலவசமாக மாற்றித் தந்தது. நம் நாட்டில் அப்போது எழுந்த பரபரப்பைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் வாங்கிய கலத்திலேயே அப்படி என்றால், பெயரற்ற கலத்தைத் தலைமாட்டில் வைத்து இரவெல்லாம் மின்னேற்றலாமா? உப்பிய கலத்தைக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம், குப்பையில் எறிவதும் வேண்டாம்.

விலையுயர்ந்த கருவிகளில் முதலில் தேய்வது, கட்டைவிரலால் சாய்க்கும் குமிழ். பலவற்றில் அது கார்பன் பூச்சின்மேல் உராயும் மின்தடை மாற்றியே. பூச்சு தேய்ந்தால், கை வைக்காமலே திரையில் ஆள் தானாக நடக்கத் தொடங்கிவிடுவான். இக்குறைக்காக அமெரிக்காவில் 2019-இல் சுவிட்ச் வாங்கியோர் வழக்கே தொடுத்தனர். இதற்கு மாற்று, 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவு. காந்தப் புலத்தின் மாற்றத்தை உணர்வதால் உராய்வே இல்லை. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே ஹால் விளைவு, இன்று கருவியின் உறையில் விளம்பரமாக நிற்கிறது. பழைய கருவி வாங்குவோர் குமிழை விட்டுவிட்டு ஒரு நிமிடம் திரையை உற்று நோக்கினால் போதும், தேய்வு தெரிந்துவிடும்.

கருவி வாங்கிய பின் விளையாட்டு வாங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டு, கடை திறந்திருக்கும் வரைதான் கிடைக்கும். நிண்டெண்டோ தன் 'த்ரீடிஎஸ்' கருவிக்கான இணையக் கடையில் புதிய விற்பனையை 2023 மார்ச் 27-இல் நிறுத்திவிட்டது. அட்டையாக வாங்கினால் நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் 2025-இல் வந்த 'சுவிட்ச் 2' கருவிக்குரிய சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. திறவுகோல் மட்டுமே உள்ளது, மீதியை இணையத்தில்தான் இறக்க வேண்டும். உறையைப் படித்து வாங்குக.

"கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று என் தோழியர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கைப்பேசியின் ஆற்றல் மேற்கூறிய மலிவுப் பெட்டியைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் அதில் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வரும், காசு கேட்கும். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-இலும், நடுவணரசு 2025-இலும் சட்டம் இயற்ற நேர்ந்ததை அறிவீர்கள். ஐந்நூறு ரூபாய்ப் பெட்டிக்கு நம் வங்கிக் கணக்கு தெரியாது. அப்பாவுக்கு இந்த வாதம் மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாக, உறையில் பார்க்க வேண்டியவை. மின்னணு வீடியோ விளையாட்டுக் கருவிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டிலேயே ஆணை வந்தது. பதிவு பெற்ற பொருளில் 'ஆர்' என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அவ்வெண்ணை அந்த அமைப்பின் கைப்பேசிச் செயலியில் இட்டால், யார் செய்தது என்ற விவரம் வந்துவிடும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரர் "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார், பில் கேளுங்கள். பொருள் பழுதாகி அவர் கைவிரித்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பில்லின் நகலோடு நாமே எழுதிக் கொடுக்கலாம்.