ஆற்றின் சாட்சிகள்

நீர் தெளிந்திருப்பின் ஆறு நலமாயிருக்கிறது என்று கொள்வது நம்மவர் வழக்கம். கமத்திலே தெளித்த பூச்சிகொல்லி நீரிற் கரைந்தபின் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. போத்தலில் அள்ளிச் சென்று சோதிக்கும் நீரும் அள்ளிய நாழிகையின் நிலையையே உரைக்கும். நேற்று வந்த நஞ்சு இன்று கடலை அடைந்திருக்கலாம். ஆற்றின் அடியிற் குடியிருக்கும் சிற்றுயிர்களோ சென்ற மாதத்துத் தீங்கையும் தம் உடலிற் பட்டு அறிந்தவை.

தொல்காப்பிய மரபியல் நத்தையினத்தை ஈரறிவுயிர் என்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர் என்றும் வகுத்துரைக்கும். வானிற் பறக்கும் தும்பியின் இளமைப்பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது என்பதை மாணாக்கர் கேட்டு வியப்பர். ஒருநாட்பூச்சியின் குடம்பிகளுட் பல, நீரில் ஒட்சிசன் குன்றியதும் முதலில் மறைவன. குருதிச் செம்பொருளைத் தம்முடலிற் கொண்ட செம்புழுக்கள் அழுக்கிலும் பிழைப்பன. எவை மறைந்தன, எவை பெருகின என எண்ணி ஆற்றின் நலத்தை மதிப்பிடும் முறையைச் செருமானிய அறிஞர் கொல்க்விற்சும் மார்சனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தனர்.

1957இல் இலண்டனின் தேம்சு நதி உயிரற்றதென்று கருதப்பட்டது. கழிவுநீரைத் தூய்மையாக்கியபின், 1974இல் சால்மன் மீனொன்று அங்கே காணப்பட்டது. அம்மீனின் வருகை செய்தியானது, அதற்கு முன் மீனில்லாதிருந்தமை பதிவாகியிருந்தமையாலன்றோ?

நம் வன்னிக்கு வருவோம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தே தோன்றி, வடக்கே ஓடி, இரணைமடுக்குளத்தை நிறைத்து, சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகிறது. மாரியிற் பெருகும், கோடையில் ஒழுக்கற்று ஆங்காங்கே மடுக்களாய் எஞ்சும். ஆவணியில் ஒருமுறை பார்த்தவர் ஆறு அழிந்தது என்பர். 2018 மார்கழியில் வந்ததுபோன்ற பெருவெள்ளத்தின் மறுநாட் பார்ப்பவரும் உயிர்கள் அடித்துச் செல்லப்பட்டதையே காண்பர். இயல்பான ஏற்றத்தாழ்வு எது, நோய் எது என்பதைப் பல்லாண்டுப் பதிவே பிரித்துக் காட்டும். ஆண்டு முழுவதும் ஓடும் மேலைநாட்டு ஆறுகளுக்கு வகுத்த அளவுகோல் இங்கே அப்படியே பொருந்தாது.

2009 வைகாசியிற் போர் முடியும்வரை ஊரே இடம்பெயர்ந்த நாட்களில் தும்பியை எண்ணுவார் யார்? பதிவு இல்லாதவிடத்து மறதி குடியேறும். 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவை இன்று நம் பிள்ளைகள் ஆதிமீன் என்றே எண்ணுகின்றனர். இன்று குறைந்திருப்பதை நாளை பிறப்பவர் இயல்பென்று கொள்வர், இழந்ததையும் அறியாதிருப்பர்.

ஆதலின் ஆற்றங்கரைப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு தொடங்குதல் நன்று. ஒரே இடம், ஒரே மாதம், ஒரே வலை, ஒரே கால அளவு, இவை மாறலாகாது. வெள்ளநாளிலும் முதலையுள்ள மடுவிலும் பிள்ளைகளை இறக்கலாகாது. விலங்கியல் ஆசிரியர் இனங்காண, தமிழாசிரியர் ஊரார் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதலாம்.

முதலாண்டு ஏடு எதையும் மெய்ப்பிக்காது. இருபதாம் ஆண்டிலே அதனைத் திறக்கும் ஆசிரியர், தொடங்கியவரைக் கண்டிராதவராயிருப்பார். அவர் கையில் ஆறு பேசும்.