இரண்டு கணினிகளும் பேசிக்கொள்கின்றனவா?

இன்று தோட்டத்து வீடுகளிலும் கணினி நுழைந்துவிட்டது. மூத்த பிள்ளையின் பழைய கணினி ஒரு மூலையில் கிடக்கும். இளையவனுக்கு வாங்கியது மேசைமேல் இருக்கும். பழையதில் சான்றிதழ் நகல்கள் இருக்கலாம். மறைந்த பாட்டியின் படங்கள் இருக்கலாம். அது முற்றிலும் பழுதாகுமுன் அவற்றைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டாமா? அதற்கு இணையம் தேவையில்லை. ஒரு கேபிள் போதும்.

கடையில் 'ஈத்தர்நெட் கேபிள்' என்று கேளுங்கள். அதனுள் 8 மெல்லிய கம்பிகள் உண்டு. முன்பு இரண்டு கணினிகளை நேராக இணைக்கக் கம்பிகளை மாற்றிக் கோத்த தனிக் கேபிள் வேண்டியிருந்தது. இக்காலக் கணினிகள் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்ளும். இரு முனைகளையும் மாட்டியதும், துளையருகே விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது முகவரி. லயத்தில் வீட்டுக்கு வீடு எண் இருப்பதுபோல் கணினிக்கும் எண் வேண்டும். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2 என்று கொடுங்கள். 'சப்நெட் மாஸ்க்' இரண்டிலும் 255.255.255.0 ஆக இருக்கட்டும். சோதனை முடியும்வரை வைஃபையை அணைத்து வையுங்கள்.

இனிச் சோதனை. காலைப் பனியில் நிரைக்கு நிரை குரல் கொடுப்போம் அல்லவா? பதில் குரல் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அறிவோம். கணினியில் அந்தக் குரலுக்குப் பெயர் 'பிங்'. அமெரிக்கரான மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியே இப்பெயருக்குக் காரணம்.

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடம் விட்டு மற்றக் கணினியின் எண்ணைத் தட்டுங்கள். அது 4 முறை கூப்பிடும். பதிலும், அதற்கு ஆன நேரமும் திரையில் தெரிந்தால் வழி சரி.

பதில் வராவிட்டால் உடனே, "கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் 127.0.0.1 என்ற எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். அது கணினி தன்னையே கூப்பிடுவது. அதற்குப் பதில் வந்து, கேபிளும் எண்களும் சரியாக இருந்தால், மறுபக்கத்து 'ஃபயர்வால்' என்னும் காவல் பதில் சொல்லவிடாமல் தடுத்திருக்கலாம். அதில் கோப்புப் பகிர்வை அனுமதித்து மீண்டும் பாருங்கள். காவலை அடியோடு அணைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே, இவ்வளவையும் பார்த்த பிறகு பட்டணத்துக் கடைக்குப் போனால், "விளக்கு எரிகிறது, பிங் மட்டும் வரவில்லை" என்று தெளிவாகச் சொல்லலாம். வேண்டாத பொருளுக்கு வெள்ளியைக் கொட்ட நேராது. படங்களை மாற்றியதும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அதன் பிறகே பழைய கணினியைக் கைவிடுங்கள்.