டோர்னக்கல்லுக்குப் போன வெள்ளாளன்விளைக்காரர்

1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். உலக மிஷனரி மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். ஆசியர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் ஒரு மாலை அமர்வில் பேச எழுந்தார். வயது முப்பத்தைந்து. குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட முடியவில்லை. அவர் பேசவேண்டிய பொருள், அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் சேர்ந்து உழைப்பது எப்படி என்பது.

மிஷனரிகளின் உழைப்புக்கும் தியாகத்துக்கும் இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடிருக்கும் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. கூடவே உழைக்கும் இந்தியரிடம் வேலை வாங்கத் தெரிந்த மிஷனரிகளுக்கு, அவரோடு மனிதராகப் பழகத் தெரியவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். பணம் தந்தீர்கள், உயிரையே தந்தவர்களும் உங்களில் உண்டு, எங்களுக்கு இன்னும் வேண்டியது உங்கள் நட்பு என்று கேட்டு முடித்தார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. நூறாண்டு கடந்தும் அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சைத் தொடாமல் போவதில்லை.

பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். அந்தப் பேச்சுக்குப் பின் இரண்டே ஆண்டில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். தென்மாவட்டத்துப் பழைய வழக்கில் சொன்னால், அசரியா அத்தியட்சர்.

திருச்சபையில் பணிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சீடர்களின் பாதத்தைக் கழுவிய இயேசுவின் காட்சி நினைவூட்டப்படுகிறது. பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் அது சடங்காகவும் நடக்கிறது. ஆனால் நடைமுறையில் பணிவு என்ற சொல் பல சமயம் கீழே இருப்பவனுக்குச் சொல்லும் புத்திமதியாகத்தான் வருகிறது. உபதேசியார் குருவானவருக்குப் பணிய வேண்டும், குருவானவர் பேராயருக்குப் பணிய வேண்டும் என்பதுபோல. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தவர் குருவாகவும் ஆண்டவராகவும் இருந்தவர் என்பது இந்தப் போதனையில் காணாமல் போய்விடுகிறது. அசரியாவின் வாழ்க்கை இதை நேர் செய்கிறது. அதிகாரத்தின் முன்னால் அவர் நிமிர்ந்து நின்றார். அவர் குனிந்த இடங்கள் வேறு.

அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். இந்துவாகப் பிறந்து கிறிஸ்தவரானவர். அவர்களுடைய நாடார் சமூகத்துக்கு அந்தக் காலத்தில் கோயில் வாசல்கள் அடைத்தே கிடந்தன. தாழ்த்தப்படுவதன் வலியை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அசரியா இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பணி. நாடெங்கும் பயணம், 1907-ல் டோக்கியோ மாநாடு என்று பெயர் பரவியது. அந்த வழியிலேயே போயிருந்தால் மேடைகளுக்குக் குறைவிருந்திருக்காது.

அவர் மனத்தைத் திருப்பியது 1902-ல் மேற்கொண்ட யாழ்ப்பாணப் பயணம். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் வெளியூருக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலிக்காரர்கள் வாங்கும் கையாகவே இருக்கிறோமே என்று அவருக்கு உறைத்தது. அடுத்த ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதே அதன் ஏற்பாடு. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இந்திய மிஷனரி சங்கம் தேர்ந்தெடுத்த ஊழியக்களம் நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் டோர்னக்கல் பகுதி. வேற்று மொழி, வறண்ட பூமி. சபை சபையாகப் போய் "யார் போவீர்கள்?" என்று அழைத்த செயலாளர், 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பைத் துறந்து தானே போனார். கூடவே மனைவி அன்பு மரியம்மாளும் குழந்தைகளும். அன்பு மரியம்மாள் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதில் அசரியா தெலுங்கு பழகினார்.

இதைத்தான் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பேராயர் பட்டம் தேடி அவர் டோர்னக்கல் போகவில்லை. டோர்னக்கல் போன மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் பட்டம் வந்தது. அதுவும் எளிதாக வரவில்லை. சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் துணை நின்றார். ஓர் இந்தியர் ஐரோப்பியக் குருமாருக்கு மேலே எப்படி அமர்வது என்று மிஷனரிகள் சிலர் முணுமுணுத்தார்கள். பிற்காலத்தில் திருமண்டலம் விரிந்தபோது ஆங்கிலேய மிஷனரிகள் அவருக்குக் கீழே ஊழியம் செய்தார்கள்.

அங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். அந்த இரு சாதியாருக்குள்ளேயும் ஒருவர் கைத் தண்ணீரை மற்றவர் குடிக்காத நிலை. இருவரையும் ஒரே ஆலயத்தில், ஒரே பந்தியில் உட்கார வைக்கப் பேராயர் படாத பாடுபட்டார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கு பேய்களை விரட்ட வேண்டும் என்று ஓயாமல் சொல்லிவந்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் கைவைத்து, தானும் இந்தச் செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று உறுதி சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நேற்றுவரை எவரும் பேசவிடாத மனிதருக்கு, நீயும் பேச வேண்டியவன் என்று சொல்லும் பழக்கம் அது. கிராமத்துப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைகளாயிற்றே என்று அவர்களை வாங்கும் கையாகவே வைத்திருக்க அவருக்கு மனமில்லை.

அவர் இளகிய மனிதர் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கைகளில் கண்டிப்பானவர். மதமாற்றம் பற்றிய விவாதத்தில் 1930-களில் காந்தியோடும் கருத்து மோதினார். நாடே வணங்கிய தலைவர் என்பதற்காகத் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. பி.ஏ. முடிக்காத மனிதர் அதை வாங்கிக்கொண்டு டோர்னக்கல்லுக்கே திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1919 மே மாதம், தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடித் தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். இருவர் தவிர மற்ற எல்லோரும் இந்தியர். முன்னின்றவர்களில் அசரியா ஒருவர். அந்த ஐக்கியம் நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. அசரியா 1945 ஜனவரி 1 அன்றே மறைந்துவிட்டிருந்தார்.

டோர்னக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத்துத் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் கிறிஸ்தவச் சிலுவையும் அதில் சேர்ந்து நிற்கின்றன. லண்டன் ஆலயத்தின் நகலாக அதை அவர் கட்டவில்லை. அந்த ஊர் மக்கள் உள்ளே நுழையும்போது அந்நியமாக உணரக் கூடாது என்று நினைத்தார்.

1912 முதல் 1945 வரை, இந்தியாவில் ஓர் ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் பொறுப்பில் இருந்த இந்தியப் பேராயர் அவர் ஒருவர்தான். முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டாமவரை அந்த இடத்தில் அமர்த்தச் சபையின் மேலிடத்துக்கு மனம் வரவில்லை. இன்று எல்லாத் திருமண்டலத்திலும் நம்மவரே பேராயர். அந்த நாற்காலிக்காக அணி பிரிந்து மோதி, வழக்கு மன்றப் படியேறும் காட்சியையும் தமிழகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அசரியாவின் பெயரை ஆண்டுவிழாக்களில் உரக்கச் சொல்கிற சபைகளுக்கு இது வேதனையான முரண்.

அடுத்த பெருமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சபையார் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஐயா, கடைசியாக எந்தக் கிராமத்து உபதேசியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? பதிலைக் கேட்ட பிறகு வாக்குச்சீட்டை எடுங்கள்.