விளிம்பில் ஒரு பெயர்

வெண்கலம் நமக்குப் புதிதல்ல. செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கினால் வெண்கலம் கிடைக்கும். வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கிறோம். கோயில் மணியும் வெண்கலம்தான். போருக்குப் போனவர்களுக்குக் கொடுத்த பதக்கங்களிலும் வெண்கலம் உண்டு.

1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. அப்போது நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்தப் போரில் சுமார் 13 லட்சம் இந்தியர்கள் பணி செய்தார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பெங்களூரிலிருந்தும் வீரர்கள் போனார்கள். அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படை இருக்கிறது. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் இவர்கள் வேலை. இந்தப் படையில் தமிழர்கள் நிறையப் பேர். மைசூர் மகாராஜாவின் குதிரைப் படையும் போனது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைபா நகரைப் பிடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. அந்த வீரர்களுக்கு ஜே.சி. நகரில் நினைவுத்தூண் உள்ளது.

தூண் ஊருக்குச் சொந்தம். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? முடியாது. பதக்கம் அப்படியல்ல. அது உள்ளங்கையில் அடங்கும். வீடு மாறினாலும் பெட்டியில் கூடவே வரும்.

போர் முடிந்ததும் வெற்றிப் பதக்கம் கொடுத்தார்கள். அது வெண்கலம். முன்பக்கம் சிறகு உள்ள ஒரு பெண் உருவம். பின்பக்கம் 1914-1919 என்ற ஆண்டுகள். நாடாவில் வானவில் நிறங்கள். வட்டமான விளிம்பைப் பாருங்கள். வாங்கியவரின் எண், பதவி, பெயர், படை எல்லாம் அங்கே பொறித்திருக்கும்.

இன்னொரு பதக்கமும் உண்டு. அதைப் போர்வீரர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை சுமந்த, பாதை போட்ட தொழிலாளர் படைகளுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். இந்தியர், சீனர், மால்டா தீவினர் இப்படிப் பெற்றார்கள். உழைத்தவனுக்கு ஒரு படி கீழே!

வெள்ளிப் பதக்கங்கள் பலவற்றைக் காசுக்காக உருக்கிவிட்டார்கள். அவற்றோடு பெயர்களும் போயின.

உங்கள் வீட்டிலும் பழைய பதக்கம் இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து அழியும். உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். பழைய சாமான் கடையில் எடைக்குப் போடாதீர்கள்.

விளிம்பில் உள்ளவை ஆங்கில எழுத்துகள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரைத் தமிழில் ஒரு தாளில் நீங்களே எழுதி, பதக்கத்தோடு வையுங்கள். பெரியவருக்குப் படம் இல்லாமல் இருக்கலாம். கல்லறை எங்கோ வெளிநாட்டில் இருக்கலாம். பெயராவது வீட்டில் இருக்கட்டும்.