ஐ-80 நெடுகிலும் – 7: மேலே நீலம், கீழே வெள்ளை

அமெரிக்காவின் ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமியை விட்டுக் கிளம்பியபோது வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. பனி முந்தின நாளே பெய்து ஓய்ந்திருந்தது. மேற்கே ராலின்ஸ் நூறு மைல். அக்கா மகன்தான் வண்டி ஓட்டினான்; டென்வரில் வேலை, பனியில் ஓட்டிப் பழகியவன். 75 மைல் வேகத்தில் போகக்கூடிய சாலையில் மின்பலகை 45 என்று காட்டியது. இவ்வளவு வெயிலில் எதற்கு இந்தக் கெடுபிடி என்று எனக்குத் தோன்றியது.

ஆர்லிங்டனை நெருங்கும்போது தெரிந்தது. முதலில் தாரின் குறுக்கே வெள்ளை இழைகள் நெளிந்து ஓடின, கணுக்கால் உயரத்துக்கு. கொஞ்ச தூரத்தில் அது இடுப்பளவு ஏறியது. முன்னால் போன பதினெட்டுச் சக்கர லாரியின் டயர்கள் மறைந்தன, பிறகு பின்விளக்குகள். கடைசியில் அதன் கூரை மட்டும் நீல வானத்தின் கீழ் தனியாக நகர்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“மாமா, லாரி லைட் தெரியுதா உங்களுக்கு?”

“தெரியலடா.”

“சரி, அத விடுங்க. வலது பக்கம் கம்பம் வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லிக்கிட்டே வாங்க.”

சாலையோரம் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை ஒட்டிய கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஒன்று தெரிந்தால் “வந்துருச்சு” என்பேன். அடுத்தது வரும்வரை இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புகிறது, அதனால் லோ பீம்தான். தார் விளிம்பில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். டயர் அதில் ஏறினால் கடகடவென்று அதிரும். வண்டி ஓரம் ஒதுங்குகிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கைச் சற்றே இடது பக்கம் ஒடித்தான். பிரேக்கைத் தொடவே இல்லை. ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிடுவோமோ என்பதைவிடப் பெரிய பயம், பின்னால் எத்தனை டன் எவ்வளவு வேகத்தில் வருகிறதோ என்பதுதான். ஐ-80-இல் பனிக்காலத்தில் நடக்கும் சங்கிலி விபத்துகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஒருவர் நிற்கிறார், அடுத்தவருக்கு அது தெரிவதில்லை.

வானத்திலிருந்து ஒரு துளிப் பனி விழவில்லை என்பதைத்தான் திரும்பச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று வாரிக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வானிலைத்துறையின் கணக்கில் பனிப்புயல் என்றால் மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்று, கால் மைலுக்கும் குறைந்த பார்வைத் தூரம், இது மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். புதிதாகப் பனி பெய்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் வண்டியை விட்டு இறங்கியவர்களுக்கு இந்தக் காற்றின் சங்கதி எளிதில் புரியும். இங்கேயும் மலைகளுக்கு நடுவே இடைவெளி. காற்று அதற்குள் புகுந்து வேகம் பிடிக்கிறது. சாலைக்குத் தெற்கே 11,000 அடிக்கு மேல் நிற்கிறது எல்க் மவுன்டன். ஆர்லிங்டன் பக்கத்து மேட்டில் காற்றாலைகள்கூட நிற்கின்றன. அந்த இடத்தில் காற்றாலை வைத்தவர்களுக்கு இருந்த விவரம், சாலை போட்டவர்களுக்கு இல்லாமல் போனதுதான் விசேஷம்.

ஏனென்றால் பழைய வழி இது இல்லை. 1868-இல் இந்தப் பக்கம் தண்டவாளம் போட்ட யூனியன் பசிபிக் ரயில்காரர்கள், மலையைத் தவிர்த்து வடக்கே மெடிசின் போ வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த லிங்கன் நெடுஞ்சாலையும் அவர்களைப் பின்பற்றியது. ஐ-80 என்ற இந்த இன்டர்ஸ்டேட் சாலையைப் போட வந்தவர்கள்தான் மலையடிவாரத்தை ஒட்டி நேர்க்கோடு இழுத்தார்கள். அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த பண்ணைக்காரர்கள், குளிர்காலத்தில் இந்த வழி ஆகாது என்று சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டது? மிச்சமானது ஏறத்தாழ இருபது மைல். 1970 அக்டோபரில் சாலை திறந்தது. சில நாட்களிலேயே முதல் புயல் வந்து நிலவரத்தைக் காட்டிவிட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் போரில் அடிபட்ட ‘ஹோ சி மின் ட்ரெய்ல்’ பாதையின் பெயரைத் திரித்து, லாரிக்காரர்கள் இதற்கு ‘ஸ்னோ சி மின் ட்ரெய்ல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சாலையைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது. அதனால் காற்றோடு சமாதானம் பேச ஓர் ஆளைப் பிடித்தார்கள். ரொனால்ட் டேப்ளர், வனத்துறை ஆராய்ச்சியாளர். பறக்கும் பனித்துகள் எவ்வளவு தூரம் போனபின் ஆவியாகிக் காணாமல் போகும் என்று கணக்குப் போட்டவர். அவர் யோசனைப்படி 1971 முதல் எழுந்த மரவேலிகளை இன்றும் வழி நெடுகப் பார்க்கலாம். பன்னிரண்டு அடி உயரம். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, ஏறக்குறைய பாதி வேலி வெறும் ஓட்டைதான். ஓட்டை வேலி எதைத் தடுக்கும் என்றுதான் முதலில் நினைப்போம். அது பனியைத் தடுப்பதில்லை, காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்று, சுமந்துவந்த பனியை வேலிக்கு அந்தப் பக்கம் நீளமான மேடாகக் கொட்டிவிடுகிறது. அந்த மேடு சாலையில் ஏறக் கூடாது. அதனால் வேலியின் உயரத்தைப்போல முப்பத்தைந்து மடங்கு, அதாவது 420 அடி, தள்ளி நடச் சொன்னார் டேப்ளர்.

வேலி உள்ள இடங்களில் சட்டென்று திரை விலகும். சாலை, கம்பம், லாரி எல்லாம் தெரியும். வேலி முடிந்ததும் மறுபடி வெள்ளை. இப்படி விட்டுவிட்டு வந்த வெளிச்சத்தில்தான் எல்க் மவுன்டன் ஊருக்குப் பிரியும் பாதை கண்ணில் பட்டது. இறங்கிவிட்டோம். சற்று நேரத்தில் சாலையையே மூடிவிட்டார்கள் என்று கைப்பேசியில் செய்தி வந்தது.

மூடுவது என்றால் நிஜமாகவே மூடுவது. ரயில்வே கேட் மாதிரி கம்பம் இறங்கும். மீறிப் போனால் அபராதம், சிறைகூட உண்டு. ராலின்ஸில் லாரி நிறுத்த இடம் நிரம்பிவிட்டால், அதற்கு முந்தைய ஊரிலேயே மறித்துவிடுவார்கள், அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும். பயணிகள் கோபப்படுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். வண்டி பனியில் சிக்கினால் இறங்கி நடக்கவே கூடாது. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இஞ்சினை ஓட்டலாம்; அதற்கு முன் சைலன்சர் வாயில் அடைத்த பனியைத் தோண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே வந்துவிடும். இன்னொன்று: ஐ-80 மூடியிருக்கும்போது கைப்பேசி வரைபடம் ஏதாவது ஒரு மண்சாலையைக் காட்டி ‘இப்படிப் போகலாம்’ என்னும். அதில் பனி தள்ளும் வண்டி வராது. லாரமியில் அறை எடுத்துத் தூங்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)